பூனைகள் பேசத் தொடங்கியபோது

பினாங்கு குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கத்தில் பூ கட்டி விற்கும் ஒரு பாட்டியை வைத்து என் தோழி ஒருத்தி மூன்று வருடமாகக் காமிக்ஸ் வரைகிறாள். கைப்பேசியில் விரலாலேயே வரைந்து வாரம் நான்கு கட்டம் இணையத்தில் போடுவாள். படிப்பவர்கள் சில நூறு பேர். போன மாதம் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அண்ணே, பாட்டிய கார்ட்டூனா எடுக்கலாம்னு இருக்கேன். சும்மா ஒரு பைலட். ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. 'லாக்கடெய்சி' பார்த்துட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி நானும் மறுபடி ஒரு முறை பார்த்தேன். பார்த்து முடித்ததும் அவளுக்குச் சொல்ல வைத்திருந்த பதில் கொஞ்சம் ஆடிப்போனது.

தெரியாதவர்களுக்காக: 'லாக்கடெய்சி' அமெரிக்க ஓவியர் டிரேசி பட்லர் 2006இல் தொடங்கிய இணையக் காமிக்ஸ். கதை நடப்பது 1927இல், செயின்ட் லூயிஸ் நகரத்தில். மதுவிலக்குக் காலம். ஒரு காப்பிக்கடைக்கு அடியில் ரகசியமாக நடக்கும் சாராயக்கடை, அதை நம்பிப் பிழைக்கும் ஒரு கூட்டம். எல்லோரும் பூனைகள். கடையை நடத்திய அட்லஸ் மே கொல்லப்பட்டுவிட்டான். அவன் மனைவி மிட்ஸி மூழ்கும் கப்பலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வயலின் வாசிக்கும் அரைக்கிறுக்கன் ராக்கி, அவனுடைய சாதுவான ஒன்றுவிட்ட தம்பி ஃப்ரெக்கிள், துணிச்சல்காரி ஐவி ஆகியோர் அவளுக்காகச் சரக்குக் கடத்துகிறார்கள்.

பட்லர் வரையும் பக்கங்கள் பழைய புகைப்படத்தின் பழுப்பு நிறத்தில் இருக்கும். விளக்கொளி, சிகரெட் புகை, கோட்டுச் சுருக்கம் என்று ஒவ்வொரு கட்டமும் இழைத்து இழைத்துச் செய்தது. அதனால் ஒரு பக்கம் வந்து அடுத்தது வருவதற்குள் வாரங்களோ மாதங்களோ ஓடிவிடும். வாசகர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பும் காமிக்ஸின் ஒரு பகுதி என்றுதான் நான் சொல்வேன். ஒரே பக்கத்தை இருபது முறை பார்த்தவனுக்குத்தான் மிட்ஸியின் கண்ணுக்கடியில் இருக்கும் களைப்பு தெரியும்.

2020இல் ஐயர்ன் சர்க்கஸ் என்ற சுயாதீனக் காமிக்ஸ் பதிப்பகம் இதை அனிமேஷனாக்கக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டது. கேட்டது 85 ஆயிரம் டாலர். வந்தது 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். ஃபேபிள் சீகல் இயக்கிய பைலட், 2023 மார்ச்சில் யூடியூபில் இலவசமாக வெளியானது. ஏறத்தாழ 27 நிமிடம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நொடிக்கு 24 சட்டகம். ஒரு ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி வைத்தால்கூட நொடிக்கு 12 ஓவியம். 27 நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 ஆயிரம் ஓவியம். அதுவும் ஒரே ஒரு உருவம் அசைவதாக வைத்துக்கொண்டால்தான். திரண்ட பணத்தை மட்டும் நிமிடத்துக்கு வகுத்தால் 12 ஆயிரம் டாலருக்கு மேல் வருகிறது. பத்துப் பத்து வெள்ளியாக இதைச் சேர்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. இவ்வளவு உழைப்பைக் கொட்டி எதைக் காட்டுவது என்பதுதான் விமர்சகனின் கேள்வி.

பைலட் காட்டுவது ஒரு துரத்தலை. புதைத்து வைத்த சரக்கை எடுக்க மூவரும் போகிறார்கள். எதிர்க்கோஷ்டி துரத்துகிறது. துப்பாக்கி, வெடி, ஓட்டம். பிரமாதமாக வரைந்திருக்கிறார்கள், மறுக்கவே முடியாது. ஆனால் காமிக்ஸில் என்னைப் பிடித்து வைத்தது துரத்தல் இல்லையே! ஆள் வராத சாராயக்கடையில் மிட்ஸி சிரித்துக்கொண்டே நிற்பதும், ஒற்றைக் கண் விக்டர் பேசாமல் இருப்பதும்தான். அந்தச் சோர்வு பைலட்டில் பின்னுக்குப் போய்விட்டது.

இதற்கு இயக்குநரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பைலட் என்பதே ஒரு விண்ணப்பம். காசு கொடுத்தவர்களுக்கு 'பாருங்க, வீணாக்கல' என்று காட்ட வேண்டும். இனிமேல் கொடுக்கப்போகிறவர்களுக்கு 'எங்களால முடியும்' என்றும் காட்ட வேண்டும். அசைவை நிரூபிக்க வேண்டிய படம் நின்று பேசாது, ஓடத்தான் செய்யும். கூட்டுநிதியின் வடிவம் கதையின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது. நிதி வேண்டுகிற எல்லாக் கலைக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் நான் தோற்றுப்போனேன். சாதுவான ஃப்ரெக்கிள் கையில் துப்பாக்கி வந்ததும் ஆள் மாறிப்போவான். காமிக்ஸில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் கோட்டுக்குள் அந்த மாற்றம் நடந்து முடிந்துவிடும். படத்தில் அது முகத்தில் படிப்படியாக ஏறுவதை நாம் பார்க்கிறோம். அந்தச் சில நொடிகளைக் காமிக்ஸ் தர முடியாது.

ராக்கியின் குரல் வேறு கதை. பதினாறு வருடமாக அவனுக்கு வாசகர்கள் அவரவர் குரலைக் கொடுத்திருந்தார்கள். என் ராக்கி எங்கள் தெருவில் இருந்த ஒரு மாமா மாதிரி பேசுவான். மைக்கேல் கோவாக் கொடுத்த குரல் நல்ல குரல்தான். ஆனால் அதைக் கேட்டதும் என் ராக்கி வாயை மூடிக்கொண்டான். மறுபடி காமிக்ஸைப் படிக்கும்போதும் கோவாக்தான் பேசுகிறார்.

கார்ட்டூனாக்குவதில் இருக்கும் நிஜமான இழப்பு இதுதான். ஆகவே தோழிக்கு நான் சொல்ல வைத்திருந்த பதில் 'வேணாம்' என்பது.

அப்புறம்தான் யோசித்தேன். செயின்ட் லூயிஸ் பூனையிடம் எனக்கு இழக்க ஒரு குரல் இருந்தது. நம்ம பூக்காரப் பாட்டியிடம் அப்படி என்ன இருக்கிறது?

மலேசியக் கார்ட்டூனில் தமிழ்ப் பையன் இல்லாமல் இல்லை. 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜு வருகிறான். எல்லோருக்கும் பிடித்தவன்தான், ஆனால் இன்னொருத்தர் கதையில் வரும் நண்பன். லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' பின்னால் தொலைக்காட்சித் தொடராகி, 1999இல் அன்னெசி விழாவில் விருது வாங்கியது. ஒரு மலாய்க் கிராமத்துச் சிறுவன் தன் பேச்சோடும் சேட்டையோடும் அவ்வளவு தூரம் போனான். ஹொக்கியனும் மலாயும் கலந்து, 'லா' போட்டு முடிக்கும் பினாங்குத் தமிழை ஒரு கார்ட்டூன் பாத்திரம் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தப் பாட்டியைப் படிக்கும்போது என் மண்டைக்குள் ஓடுவதுகூட பாதி நேரம் மெட்ராஸ் சினிமாக் கிழவியின் குரல். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. என்னிடமிருந்து பறிபோக அங்கே சொந்தக் குரல் எதுவும் இல்லை. படமானால்தான் அது முதல்முறையாகக் கிடைக்கும்.

அப்படியானால் பணம்? கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளில் சிங்கப்பூர் இருக்கிறது, இதை எழுதும்போது மலேசியா இல்லை. ஆனால் ஊர் கூடிக் காசு போடுவது நமக்குப் புதுசா என்ன? 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது மலாயாப் பல்கலைக்கழகத்துத் தமிழ் நூல்களுக்காகச் சாதாரணத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டார்கள். 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரம் வெட்டியவர்களின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. கூட்டுச் சீட்டைத் தடை செய்த 1971ஆம் வருடச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம்ம சொல் இருக்கிறது. எவ்வளவு பேர் எவ்வளவு ஏமாந்திருந்தால் அது சட்டப் புத்தகம் வரை போயிருக்கும்!

ஆக, பணம் கொடுக்கும் மரபும் நம்மிடம் உண்டு, பணம் பறிபோன நினைவும் உண்டு. இங்கே ஒருத்தர் பத்து வெள்ளி கொடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பார். 1976இல் குஜராத் பால் விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுக்கவைத்த ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்தில் காசு போட்டவர்களின் வாழ்க்கைதான் கதை. அவர்கள் திரையில் தங்களையே பார்த்தார்கள். அங்கே போட்ட காசுக்குக் கிடைத்தது அதுதான்.

இன்னொன்றையும் தோழி கவனிக்க வேண்டும். 'ஹஸ்பின் ஹோட்டல்' பைலட்டை 2019இல் விவியன் மெட்ரானோ ரசிகர்களின் ஆதரவில்தான் எடுத்தார். யூடியூபில் பெரிதாக ஓடியது. 2024இல் பிரைம் வீடியோவில் தொடராக வந்தபோது முக்கியப் பாத்திரங்களுக்கு வேறு நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். ரசிகர்களின் பணத்தில் பிறந்த குரல், பெரிய பணம் வந்ததும் மாறிவிட்டது. நம்ம பாட்டியை நாளைக்கு யாராவது பெரிய ஆள் வாங்கினால், முதலில் போவது அவளுடைய 'லா'வாகத்தான் இருக்கும்.

ஆகவே அவளிடம் இப்படிச் சொன்னேன்: 27 நிமிடம் வேண்டாம், துரத்தல் வேண்டாம். ஒரே ஒரு நிமிடம். பாட்டி உட்கார்ந்து பூ கட்டுகிறாள், ஒருத்தர் விலை பேசுகிறார். அசைய வேண்டியது இரண்டு கை, ஒரு வாய். படத்துக்கு முன்னால் குரலைத் தேடு. பாடத் தெரிந்த குரல் வேண்டாம், கடைத்தெருவில் விலை பேசிப் பழகிய குரல் வேண்டும். அதை ஒலிப்பதிவு செய்து வாசகர்களுக்கு முதலில் கேட்கக் கொடு. அதற்கப்புறம் காசு கேள். எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நிமிசத்துக்கு யாருண்ணே காசு குடுப்பா? துரத்துனாத்தான் பாப்பாங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'லாக்கடெய்சி'யும் துரத்தித்தான் ஜெயித்தது. இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவு அனுப்பியிருந்தாள். நாற்பது நொடி. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம், கோயில் மணி. ஒரு வயசான அம்மா மல்லிகைச் சரத்தின் விலையைக் குறைக்க முடியாது என்று யாரிடமோ சண்டை போடுகிறார். காமிக்ஸை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். மெட்ராஸ் கிழவி வரவில்லை.