ரேடியோ முத்திரையின் சாட்சியம்

அமெரிக்காவின் சிற்றூர்களில் மண் தடத்தில் நடக்கும் கார்ப் பந்தயங்களில், பணம் உள்ளவரே ஜெயிப்பதைத் தடுக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பூட்டி, முத்திரையிட்டு, பெட்டியில் அனுப்பும் எஞ்சினைத்தான் எல்லோரும் போட வேண்டும். 602 என்ற வகைக்கு 350 குதிரைத்திறன், 604 என்ற வகைக்கு 400. உள்ளே யாரும் கைவைக்கக் கூடாது. இதற்காக இன்டேக் மேனிஃபோல்ட், சிலிண்டர் ஹெட், முன்மூடி, ஆயில் பான் ஆகிய இடங்களில் தனி வகை போல்ட்டுகளைப் போட்டார்கள். இறுக்கும்போது போல்ட்டின் மேல்தலை முறிந்து விழுந்துவிடும்; பிறகு ஸ்பேனர் பிடிக்க இடமிருக்காது. திறக்க வேண்டுமானால் அதைச் சிதைத்துத்தான் எடுக்க வேண்டும், சிதைத்தால் சோதகர் கண்ணில் படும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பியது. அதே வடிவில் போலி போல்ட்டுகள் வந்தன. எஞ்சினைப் பிரித்து, கேம்ஷாஃப்ட்டை மாற்றி, போலி போல்ட்டைப் போட்டு மூடிவிட்டால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. பந்தய அமைப்புகள் தங்கள் சொந்த முத்திரைகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

உலோகத்தின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் கடைந்துவிடலாம் என்று ஆன பிறகு, எண் பொறித்த சிப்பை அதில் பதித்துவிடலாமே என்ற யோசனை வருவது இயல்பு. மேல்நிலைப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அதைச் செய்தும் காட்டியது. 2007இல் ‘கார் ஆஃப் டுமாரோ’ அறிமுகமான காலத்தில், ஒவ்வொரு காரின் எஃகுச் சட்டத்தையும் வட கரோலினாவின் கான்கார்டில் உள்ள தன் ஆய்வு மையத்தில் அளந்து, சான்றளித்து, குழாய்களில் பல இடங்களில் ரேடியோ டேக்குகளைப் பதித்து அனுப்பியது. பந்தயத் திடலில் ரீடரை நீட்டினால், இது சான்று பெற்ற சட்டம்தானா என்று தெரிந்துவிடும். இந்த முறை இன்று விமான உதிரிபாகங்கள், மீட்டர்கள், பம்புகள் என எங்கும் பேசப்படுகிறது. இது நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருவி சொல்வது ஒன்று, அதைக் கேட்டு நாம் எடுத்துக்கொள்வது வேறொன்று. டேக் தன்னைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்கிறது. அதை நாம் பொருளைப் பற்றிய சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். இந்த முறையின் எல்லாக் கோளாறுகளும் அந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். சிப்பைத் தயாரிக்கும்போதே அதற்கென ஓர் எண் எழுதிப் பூட்டப்படுகிறது. ஒரே எண்ணில் இரண்டு சிப் வராது. போல்ட்டைப் போலச் செய்பவனுக்கு ஒரு லேத் போதும். இந்த எண்ணைப் போலச் செய்ய மின்னணுக் கருவி வேண்டும். சேறும் கிரீஸும் அப்பிக் கிடக்கும் எஞ்சினில் பொறித்த எண்ணைக் கண்ணால் படிப்பது எவ்வளவு தொல்லை என்பது பட்டறையில் நிற்பவர்களுக்குத் தெரியும்; ரேடியோ அலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ரீடர் படித்த நேரமும் எண்ணும் தானாகவே பதிவாகின்றன. இருபது கார்களைச் சோதிக்க அரை நாள் ஆன இடத்தில் சில நிமிடங்கள் போதும். முறைகேடு செய்பவனுக்குச் செலவையும் பயத்தையும் கூட்டுவது சிறிய பயன் அல்ல.

இனி அந்த டேக் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்ப்போம். சாதாரண டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்து, எண்ணைச் சொல்லிவிட்டு அணைந்துவிடும். கைவைத்ததைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூட்டின் குறுக்கே ஆன்டெனாவை ஓட்டி வைப்பது. மூட்டு திறந்தால் ஆன்டெனா அறுந்து, டேக் ஊமையாகிவிடும். மற்றொன்று, மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சிப்போடு இணைத்து மூட்டைச் சுற்றி விடுவது. வளையம் அறுந்தால் சிப் அப்போதும் பேசும், ஆனால் ‘அறுந்தது’ என்று சேர்த்துச் சொல்லும். முதல் வழி மலிவானது. அதன் குறையும் வெளிப்படையானது. ஊமையான டேக் ஏன் ஊமையானது என்று அதுவே சொல்ல முடியாது. எஃகுக் குழாய்மேல் நேரடியாக ஒட்டினால் ஆன்டெனாவின் சுருதி கலைந்துவிடும். நடுவில் இடைவெளித் தகடோ ஃபெரைட்டோ வைக்க வேண்டும். போல்ட்டின் தலைக்குழியில் பதித்தால் 125 முதல் 134 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண் சிப்புதான் ஓரளவு ஒத்துவரும். அதையும் படிக்க ரீடரைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் சிப்புகள் 85 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. ஓடும் எஞ்சினின் ஆயில் நூறு டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெப்பம் தாங்கும் பீங்கான் உறை டேக்குகள் உண்டு, விலை கூடும். அதிர்வில் இணைப்பு விட்டுப்போவதும் நடக்கும். ஆகவே எந்தத் தவறும் செய்யாதவனின் எஞ்சினும் ஒருநாள் பதில் சொல்லாமல் போகும். அப்படி நாலைந்து முறை ஆனதும் சோதகர், “டேக் செத்துப்போச்சு, போகட்டும்” என்று அனுப்பத் தொடங்குவார். அந்தப் பழக்கம் வந்த நாளிலிருந்து, கைவைப்பவன் டேக்கை உடைத்துவிட்டே வரலாம்.

கம்பி வளையம் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் அதற்குள் இன்னும் ஆழமான ஓட்டை ஒன்று இருக்கிறது. பேட்டரி இல்லாத சிப் ரீடர் அருகில் இருக்கும்போது மட்டுமே விழித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சோதனைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை சோதனைக்கும் நடுவில் அது முழு உறக்கத்தில் கிடக்கிறது. அந்த இடைவெளியில் வளையத்தை வெட்டி, வேலையை முடித்து, அதே மின்தடை வரும்படி மறுபடி இணைத்துவிட்டால், அடுத்த முறை விழிக்கும் சிப்புக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. ஒருமுறை அறுந்ததைக் கண்டால் நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளும் சிப்புகள் உள்ளன. அவையும் அறுந்த நிலையில் விழித்தால்தான் குறிக்கும். சர்வதேச அணுசக்தி முகமை அணு உலைகளில் பயன்படுத்தும் மின்னணு ஒளியிழை முத்திரை இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொள்கிறது. அதற்குள் பேட்டரி உண்டு. ஒளியிழைக்குள் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இழை எப்போது திறந்தது, எப்போது மூடியது என்ற நேரத்தை உள்ளே பதிந்துவைக்கும். அது அணுப்பொருளுக்குத் தகுந்த செலவு. ஆயிரக்கணக்கில் போடும் போல்ட்டுக்கு அந்தச் செலவை யாரும் செய்யப்போவதில்லை. எனவே மலிவான டேக்கை வாங்குகிறவர், அது காவல் காக்கவில்லை, கூப்பிட்டபோது மட்டும் எழுந்து வருகிறது என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலும் பின்னர் ஆர்கான் ஆய்வகத்திலும் முத்திரைகளின் பலவீனத்தை ஆராய்ந்த ராஜர் ஜான்ஸ்டன் குழுவின் வேலையை இங்கே நினைக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டை முதல் மின்னணுச் சாதனம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட முத்திரைகளை எடுத்து, எளிய கருவிகளோடு, தடயம் தெரியாமல் ஏமாற்ற முடிகிறதா என்று பார்த்தார்கள். முடிந்தது, பலவற்றில் மிக விரைவாக. விலை கூடிய, நுட்பம் கூடிய முத்திரை என்பதாலேயே அது கடினமாகிவிடவில்லை என்பது அவர்கள் கண்டதில் முக்கியமானது. ஜான்ஸ்டன் முன்வைத்த மாற்று யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. திறந்தபோது தடயத்தைச் சேமிக்கும் முத்திரையில், அந்தத் தடயத்தை அழித்துவிட ஒருவனால் முடியும். அதற்குப் பதிலாக முத்திரையிடும்போதே ஒரு ரகசியத்தை உள்ளே வைத்து, திறந்த மறுகணம் அது அழியும்படி செய்தால், இல்லாமல் போன ரகசியத்தை யாராலும் திரும்ப எழுத முடியாது.

ஒட்டும் இடம்தான் அடுத்த பலவீனம். இதற்கு இந்திய வாசகருக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஃபாஸ்டேக். கண்ணாடியிலிருந்து உரித்தால் கிழிந்து பயனற்றுப் போகும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பலர் அதைக் கண்ணாடியில் ஒட்டவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு சுங்கச்சாவடியில் காட்டினார்கள். டேக் குறையில்லாமல் பதில் சொன்னது, பணமும் கழிந்தது, ஆனால் அது எந்த வண்டியின் டேக் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இத்தகைய ஒட்டாத டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. சிப்பில் எந்தக் கோளாறும் இல்லை. சிப்புக்கும் பொருளுக்கும் நடுவிலிருந்த பசைதான் முறையின் உயிர்நாடி. அதை யாரும் பார்க்கவில்லை. எஞ்சினிலும் இதே கதைதான். பசையைச் சூடேற்றியோ கரைப்பானால் இளக்கியோ டேக்கை முழுதாகக் கழற்ற முடியுமானால், ஆன்டெனா எவ்வளவு மெலிதாக இருந்தும் பயனில்லை. முத்திரை இல்லாத வழியாக உள்ளே போக முடியுமானால் முத்திரையைத் தொடவே தேவையில்லை. தொழிற்சாலை போல்ட் போட்ட இடங்களில் வால்வு மூடி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைத் திறந்து வால்வு ஸ்பிரிங்கை மாற்றினால் நான்கு முத்திரைகளும் அப்படியே இருக்கும். பொறுப்பான சோதகர்கள் அதனால்தான் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளக்கிறார்கள்.

ரகசியக் குறியீடு சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. போலிச் சிப் என்ற ஒரு பிரச்சினைக்கு அது உண்மையான தீர்வு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் தரும், 128 பிட் ஏ.இ.எஸ். சாவி கொண்ட சிப்பை நகலெடுப்பது எளிதல்ல. ஆனால் இந்த வாக்குறுதியையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். கார்ச் சாவிகளில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் 40 பிட் குறியீட்டை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தாரும் உடைத்துக் காட்டினார்கள். திருட்டைத் தடுக்கும் என்று நம்பிக் கோடிக்கணக்கில் விற்ற சிப் அது. குறியீடு எவ்வளவு பலமானாலும், அது ‘நான் இன்ன சிப்’ என்பதை மட்டுமே நிரூபிக்கும். ‘நான் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறேன்’ என்பதை எந்தக் குறியீடும் நிரூபிக்காது. அது இயந்திர வடிவமைப்பின் வேலை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, எந்த முத்திரையும் முழுமையானதல்ல, ஈய முத்திரையையும்தான் ஏமாற்றுகிறார்கள், டேக் அதைவிடக் கடினம் என்றால் அது போதாதா என்பது. மற்ற எல்லாம் மாறாமல் இருந்தால் போதும். மாறுகிறது என்பதுதான் பிரச்சினை. ஈய முத்திரையைச் சோதிப்பவர் அதைக் கையில் பிடித்துப் பார்க்கிறார். கம்பியை இழுத்துப் பார்க்கிறார். பார்க்கும்போது பக்கத்திலுள்ள கீறலும், புதிதாகப் பூசிய பெயின்டும், மாறிய கேஸ்கெட்டும் கண்ணில் படுகின்றன. ரீடர் பீப் என்றதும் அந்தப் பார்வை நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில வாக்கு எந்திரங்களில் போட்ட முத்திரைகளைத் தடயமின்றிக் கழற்றி மாட்டலாம் என்று பிரின்ஸ்டன் பேராசிரியர் ஆண்ட்ரூ அப்பெல் நீதிமன்ற வழக்கில் காட்டினார். அதைவிட முக்கியமாக, அந்த முத்திரைகளை யார், எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கான நடைமுறையே இல்லை என்பதையும் எழுதினார். முத்திரையின் வலிமை பாதி அதைப் பார்க்கும் ஆளிடம் இருக்கிறது. அந்த ஆளை வேலையிலிருந்து எடுக்கத்தான் டேக்கை வாங்குகிறார்கள் என்றால், புதிதாகக் கிடைத்த வலிமை அங்கேயே கழிந்துவிடும்.

திருட்டுத்தனமே இல்லாத திறப்பும் உண்டு. டேக்கின் சிறந்த பயன் அங்கேதான் என்று நினைக்கிறேன். 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லேண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், சுமார் 15,000 அடி உயரத்தில் கதவுத் துளையை மூடியிருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் இல்லை. 2023 செப்டம்பரில் ரென்டன் தொழிற்சாலையில் ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்கான பதிவே இல்லை. பலகைக்குக் குறுக்கே வளைய டேக் ஒன்று இருந்து, வெளியே அனுப்பும் முன் யாராவது படித்திருந்தால், ‘அறுந்தது’ என்று வந்திருக்கும். யார் திறந்தது என்ற கேள்வி எழுந்திருக்கும். அந்தக் கேள்வி போல்ட்டுகளில் போய் நின்றிருக்கும். அதே சமயம், திறந்த வேலையை முடித்தவர்கள் புது டேக் ஒன்றை ஒட்டிவிட்டிருந்தால், போல்ட் இல்லாத பலகையின்மேல் அது ‘எல்லாம் சரி’ என்றே சொல்லியிருக்கும். பதிவில்லாத திறப்பை டேக் காட்டும். சரியாக மூடியதை அது காட்டாது.

எனவே டேக் பதில் சொல்லவில்லை என்றால் காரணம் கேட்காமல் தோல்வி என்றே கொள்ள வேண்டும், வெப்பத்தில் செத்தது என்றாலும் பிரித்துப் பார்த்துத்தான் விட வேண்டும். அதற்கு ஈடுகொடுக்க, எளிதில் சாகாத டேக்கை முதலிலேயே வாங்க வேண்டும். அறுபட வேண்டிய வளையம், மூட்டைத் திறந்தால் தப்பவே முடியாத இடத்தில், போல்ட்டின் தலைக்கு அடியிலோ இரு பாகங்களின் நடுவிலோ இருக்க வேண்டும். மேற்பரப்பில் ஸ்டிக்கராக இருப்பதில் பொருளில்லை. புது டேக் ஒட்டும் அதிகாரம் வேலை செய்தவரிடம் இல்லாமல், மூடியதைக் கண்ணால் பார்த்தவரிடம் இருக்க வேண்டும். குலுக்கலில் சில எஞ்சின்களையாவது முழுதாகப் பிரித்துப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. பிரிப்பது செலவு, அதைத் தவிர்க்கத்தானே டேக் என்பார்கள். ஆனால் 2023இல் ஸ்டூவர்ட்-ஹாஸ் பந்தய அணியின் 14ஆம் எண் காரில் போலிப் பாகம் ஒன்று இருந்ததை நாஸ்கார் கண்டுபிடித்து, 120 புள்ளிகளும் 2,50,000 டாலரும் தண்டம் விதித்தது. அது வெளிப்பட்டது பந்தயத்துக்குப் பிறகு ஆய்வு மையத்தில் காரைப் பிரித்தபோது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. எதைப் பிரிப்பது என்று தேர்ந்தெடுக்க டேக் உதவினால் அதற்குக் கொடுத்த விலை வசூலாகிவிடும்.

நம் ஊர்த் தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் இந்த டேக்குகளை வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும், ஒரு டேக் எத்தனை ரூபாய் என்று விசாரிக்கும் முன், கெட்டிக்கார மெக்கானிக் ஒருவரிடம் ஒட்டிய டேக்கையும் ஒரு நாள் அவகாசத்தையும் கொடுத்து, உடையாமல் கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடிந்தால் அந்த டேக்கை வாங்காதீர்கள்.