பழைய கைத்துப்பாக்கியும் திருத்தும் கையும்

பாட்டனார் உரிமம் பெற்று வைத்திருந்த கைத்துப்பாக்கி, தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டும் மீண்டும் வீடு திரும்பியும் இரண்டு தலைமுறை கடந்து, முறைப்படி மாற்றப்பட்ட உரிமத்தோடு பேரன் கைக்கு வந்து சேருமானால், நாகமலை புதுக்கோட்டையிலும் சரி, நாட்டின் வேறெந்த மூலையிலும் சரி, அவர் மனத்தில் எழும் முதல் ஆசை அதைச் சற்றே புதுப்பித்து, விசையை இலகுவாக்கி, மங்கிய நீலமெருகைத் துலக்கிக்கொள்ள வேண்டும் என்பதாகவே இருக்கும். இயல்பான ஆசைதான், ஆயினும் அதற்கு இணங்குமுன், இத்தொழிலில் தேர்ந்தவர்கள் எவ்வெச் சம்பிரதாயங்களை வகுத்து வைத்தார்கள் என்று ஆராய்வது நம் கடமை.

ஆங்கிலேயப் பரம்பரை, காப்பதையே பிரதானமாகக் கொண்டது. 1637-இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், 1813-இல் அமைந்த பர்மிங்ஹாம் சோதனைச் சாலையும், வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கி நின்ற குழலிலேயே தம் முத்திரையைப் பொறித்தன. பின்னர் எவரேனும் அக்குழலைக் கடைந்தோ குடைந்தோ பலம் குன்றச் செய்வாராயின், முத்திரை கண்ணுக்குத் தெரிந்தாலும் அதன் பிரமாணம் போய்விட்டதாகவே கொள்ளப்பட்டது. லண்டன் மாநகரக் காவலர் 1911-இல் ஏற்றுக்கொண்ட வெப்ளி அண்டு ஸ்காட் .32 கைத்துப்பாக்கியை இன்று மதிப்பிடுவோர், அது எவ்வளவு பளபளக்கிறது என்று பார்ப்பதில்லை. எண்கள் பொருந்துகின்றனவா, முத்திரைகள் கூர்மையாக உள்ளனவா, ஆலையிட்ட மெருகு தேய்ந்தேனும் எஞ்சியிருக்கிறதா என்பவற்றையே பார்க்கிறார்கள்.

அமெரிக்கப் பரம்பரையின் போக்கு வேறு. ஜான் பிரௌனிங் வகுத்து, அந்நாட்டுத் தரைப்படை 1911-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கியை, படையினரே 1920-களில் திருத்தினார்கள்; விசையைக் குறுக்கி, பிடியின் பின்புறத்தை வளைத்து, விரல் எட்டுவதற்காக விசையின் பின்னால் சட்டத்தைச் சரித்தார்கள். சேறும் மணலும் புகுந்தாலும் இயங்கவேண்டும் என்பதற்காகத் தளர்வாகப் பொருத்தப்பட்ட அக்கருவியை, ஒஹையோவின் கேம்ப் பெரி மைதானத்தில் இலக்கெய்தப் புறப்பட்ட போட்டியாளர்கள், குழலின் முனையை இறுக்கிப் பொருத்தியும், குறிமுள்ளை உயர்த்தியும், விசையைச் சீராக்கியும் வேறொரு பிறவி எடுக்கச் செய்தார்கள். லூயிசியானாவைச் சேர்ந்த ஜிம் கிளார்க், இத்தகைய வேலையில் புகழ்பெற்ற கைவினைஞராக விளங்கியதோடு, 1958-இல் தேசியச் சாம்பியன் பட்டமும் வென்றார். திருத்துபவனே எய்பவனாகவும் இருந்தது அந்தப் பரம்பரையின் தனிச் சிறப்பு என்பேன். ஆனால் இவ்வித இறுக்கம், நம்பகத்தை ஓரளவு விலையாகக் கொடுத்துத்தான் துல்லியத்தைப் பெற்றது. மேலும், அவர்கள் முன்னே 20 லட்சத்துக்கும் மேல் அவ்வகைக் கருவிகள் குவிந்திருந்தன. நூறு கெட்டாலும் ஆயிரம் எஞ்சும் என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது.

அந்த வளம் நமக்கு இல்லை. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுபோயிற்று; .45 நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட அளவைச் சேர்ந்தது. ஆகவே குடும்பங்களில் எஞ்சியுள்ள பழைய .32 இறக்குமதிகள் இனிப் பெருகப் போவதில்லை. கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வர் வெப்ளி மரபைத் தழுவியதாயினும், அதனால் பழைய வெப்ளியின் இடம் நிரம்பிவிடாது. மேலும், பழைய கருவியின் அமைப்பே அதன் வரலாற்றுக்குச் சான்று: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் செய்வித்த கைத்துப்பாக்கிகளில் புலிவரி பொறித்து, ஜோடியில் ஒன்றன் விசைப்பொறியை வலப்புறமும் மற்றொன்றன் பொறியை இடப்புறமும் அமைத்தார்கள். வசதிக்காக யாரேனும் ஒன்றை மாற்றியிருந்தால், எந்தப் பட்டறையில் எந்த எண்ணத்தில் அவை பிறந்தன என்பதை அறியும் வழியே அடைபட்டிருக்கும்.

சட்டமும் இங்கே தன் எல்லையை வகுத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் தொழில் உரிமம் வேண்டும் என்கிறது. குழலைக் குறுக்குவதற்கு 6-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். 8-ஆம் பிரிவு, பெயரையும் எண்ணையும் அழிப்பதையோ திருத்துவதையோ தடுக்கிறது. லேத் பட்டறையில் கைதேர்ந்த நண்பர் எத்தனை பேர் இருந்தாலும், உரிமம் இல்லாதவரிடம் இக்கருவியைக் கொடுப்பது குற்றத்துக்கு இடம் தருவதாகும். மெருகேற்றும் உருளை சற்று அழுத்தி ஓடினாலே எண் மழுங்கிவிடும். எண் மழுங்கினால் உரிமத்துக்கும் கருவிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

வீணைக்கு மெழுகு உருக்கி மெட்டுகளை நிறுத்தி மேளம் கட்டுவதில் எவரும் குற்றம் காண்பதில்லை, குடத்தைச் செதுக்குவதை எந்த வித்துவானும் பொறுப்பதில்லை. அந்த விவேகமே இங்கும் வேண்டும். தளர்ந்த வில்லை மாற்றலாம். வெடித்த பிடியை அளவொத்த பிடியால் மாற்றலாம். துரு பரவாமல் எண்ணெயிட்டுக் காக்கவும் வேண்டும். குறிமுள்ளுக்காக உலோகத்தில் பள்ளம் வெட்டுவது, மெருகை உரித்துப் புதிதாக நீலமேற்றுவது, விசைப்பற்களை அராவுவது ஆகியவை முழுமை கெடாத கருவிக்கு ஆகாதவை. அராவிய பல் பிடி தவறினால், எய்ய நினையாத வேளையில் தோட்டா பாயும். முன்பே ஒருவர் மெருகை உரித்து, பொருந்தா உறுப்புகளைச் சேர்த்துக் கெடுத்த கருவியாயின், உரிமம் பெற்ற தேர்ந்த கைவினைஞர் அதைப் பயன்படு நிலைக்குக் கொணர்வதை நான் மனமார ஆதரிப்பேன். போட்டியில் எய்ய விரும்புவோருக்கோ, அதற்கென்றே பிறந்த கருவிகள் உள்ளன. பன்னாட்டு விதி சென்டர் ஃபயர் போட்டிக்குக் குறைந்தது 1,000 கிராம் விசைப்பாரம் கேட்கிறது, அதற்காகப் பாட்டனாரின் வெப்ளியை வருத்த வேண்டியதில்லை. எந்த உறுப்பைக் கழற்றி மாற்றினாலும், கழற்றியதை எண்ணெய்த் துணியில் சுற்றி, மாற்றிய நாளையும் செய்தவர் பெயரையும் எழுதிய தாளோடு, உரிமப் புத்தகத்தின் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.