காணாமற்போன வெள்ளை வண்ணம்: ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல் பற்றி

துப்பறியும் கதையென்றால் ரயிலில் படித்துவிட்டு இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுப்போகிற சரக்கு என்ற எண்ணம் நம் பெரியவர்களிடம் உண்டு. டோரதி சேயர்ஸ் (1893–1957) எழுதி 1931-இல் வெளிவந்த 'ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்' அப்படி விட்டுவிடத்தக்க நூலன்று. ரெட் ஹெர்ரிங் என்பது மீனின் பெயர்தான். ஆனால் துப்பறியும் கதையில் ஆளைத் திசைதிருப்பும் பொய்த்தடயத்துக்கு அப்படிச் சொல்வார்கள். சந்தேகத்துக்குரியோர் ஆறு பேர், ஆறு பேரும் ஓவியர்கள். ஐவர் பொய்த்தடயம், ஒருவர் கொலையாளி.

கதைக்களம் ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள கேலோவே வட்டாரம். கிர்கூப்ரி, கேட்ஹவுஸ் என்ற அமைதியான சிற்றூர்கள். (ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் கிர்க்கட்பிரைட் என்றுதான் வாயில் வரும். நம் ழகரத்தோடு மல்லுக்கட்டும் வடநாட்டு நண்பர்களை இனிக் கேலி செய்யாதிருப்போம்.) ஓவியர் குடியிருப்பு கற்பனையல்ல. ஹார்னெலும், 1915 முதல் ஜெஸ்ஸி கிங்கும் கிர்கூப்ரியில் வாழ்ந்தவர்கள். சேயர்ஸும் அங்கே தங்கிப் பழகியவர். கேட்ஹவுஸ் விடுதிக்காரர் ஒருவருக்கே நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

காம்ப்பெல் என்கிற ஓவியர் ஊரெல்லாம் வம்பு வளர்ப்பவர். ஒருநாள் ஓடையில் மண்டை உடைந்து கிடக்கிறார். மேலே பாறையில் பாதி வரைந்த படம், வண்ணம் காயவில்லை. காலையில் வரைந்துகொண்டிருந்தவர் கால் தவறி விழுந்தார் என்று எவரும் சொல்லிவிடுவர். துப்பறியும் பீட்டர் விம்ஸி பையிலுள்ள வண்ணக்குழாய்களை எண்ணிப் பார்க்கிறார். ஒன்று குறைகிறது. அது என்னவென்று ஆசிரியர் சொல்லமாட்டார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

நான் சொல்லாமல் கட்டுரை நகராது: வெள்ளை. ஓவியர் அதிகம் செலவழிக்கும் வண்ணம் அது. படத்தில் வெள்ளை இருக்கிறது, குழாயைக் காணோம். ஆகவே வரைந்தது வேறு கை. முதல்நாள் இரவே செத்தவரின் பாணியில் கொலையாளி உட்கார்ந்து வரைந்து, பழக்கதோஷத்தில் குழாயைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். கடையில் இருப்பு எடுத்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இருக்கிற சரக்கு பேசாது. கணக்கில் உதைக்கிற ஒன்றுதான் பேசும். அடுத்தவன் பாணியை அச்சாகப் பிடித்தவனுக்குத் தன் கைப்பழக்கத்தை மறைக்கத் தெரியவில்லை. இந்த வகை நூல்களில் இதற்கு ஈடான தடயம் நான் படித்ததில்லை.

நடுப்பகுதி சலிப்புத்தான். ரயில் நேரம், பயணச்சீட்டு, சைக்கிள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஆறு ஓவியர்களும் ஒரே குழம்பில் கிடக்கும் காய் மாதிரி ஆகிவிடுகிறார்கள். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம், பாதகமில்லை.

எனக்கு உறுத்துவது முடிவு. நடந்தது திட்டமிட்ட கொலையன்று, கைகலப்பில் நேர்ந்த சாவு. நோக்கம் வேறு, விளைவு வேறு என்று தீர்ப்பில் வித்தியாசம் பார்த்தது சரி. ஆனால் கருணை காட்டச் சொல்லும் ஜூரிகள் கூறும் காரணம், காம்ப்பெல் வம்பைத் தேடிப் போனவர் என்பது. வம்புக்காரன் உயிருக்கு எடை குறைவா?

சிலம்பிலும் கொலை வழக்கைத் தீர்ப்பது ஒரு தொழிற்பொருள்தானே! அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். ஆனால் அங்கே செத்தவனுக்காக அவைக்கு வந்து கேட்க ஒருத்தி இருந்தாள். இங்கே காம்ப்பெல்லிடம் பரிவாகப் பழகியவள் சக ஓவியர் ஃபாரனின் மனைவி. அந்தப் பரிவையும் சேயர்ஸ் அவள் கணவன்மேல் சந்தேகம் விழுவதற்குத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்.