பன்னிரண்டு ஆண்டுகளும் ஓர் இரவும்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்ட அந்நாவல், 2014 இறுதியில் கிளம்பிய எதிர்ப்பால் தெருவுக்கு இழுக்கப்பட்டது. 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் நூலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கை இங்கு மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. நம் மனக்குறை வேறு. எதிர்த்தவரும் ஆதரித்தவரும் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவையே படித்தனர். அதற்குமுன் காளியும் பொன்னாவும் பிள்ளையின்றி வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளைப் படித்தவர் சிலரே.

அப்பன்னிரண்டு ஆண்டுகளில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. மாமனார் வீட்டில் காளி நட்ட பூவரசு கிளைபரப்பி நிற்கிறது, நட்டவனுக்கோ மகப்பேறில்லை. ஆசிரியர் இதை விளக்கி நம்மைச் சோர்வுறச் செய்யவில்லை; மரத்தை மரமாகவே நிழல்தர விட்டுவிடுகிறார். பொன்னா கசப்பு மருந்து குடிக்கிறாள். மலையுச்சியில் உயிரைப் பணயம் வைத்து வறடிக்கல்லைச் சுற்றுகிறாள். முன்னோர் ஒரு பெண்ணுக்கிழைத்த கொடுமையால் வந்த சாபம் காளியின் வழியில் இறங்கியதென்கிறார்கள். ஏச்சு மட்டும் பொன்னாவுக்கே மிகுதி. (இச்சாபக் கதைகள் சற்று நீண்டு கதையோட்டத்தைத் தேக்குகின்றன என்பது என் எண்ணம்.)

காளிக்கு இரண்டாம் மணம் செய்விக்கலாமென்ற பேச்சு எழுகிறது. அப்பேச்சினுள் ஒரு தீர்ப்பு உண்டு: குறை பெண்ணிடம். பொன்னாவைப் பதினான்காம் நாளுக்கு அனுப்பலாமென்னும் யோசனையிலோ நேர்மாறான தீர்ப்பு: குறை ஆணிடமும் இருக்கலாம். ஒரே குடும்பம் இரண்டையும் எண்ணிப் பார்க்கிறது. முன்னதை உரக்கப் பேசுகிறது, பின்னதை வழிபாட்டின் பெயரால் சொல்லாமற் சொல்கிறது. நாவலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது.

திருமறையில் ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் மகவு வேண்டி இறைஞ்சும் இடம் இங்கு நினைவுக்கு வருகிறது. மெல்லிய குரலில் அவர்கள் முதலில் முறையிட்டது தம் எலும்புகளின் தளர்ச்சியையும் தலையின் நரையையும். மனைவியின் மலட்டைப் பிறகே கூறினார்கள். இவ்வரிசை முறையை நம் வீடுகள் கற்றிருந்தால் எத்தனையோ மருமகள்மார் தப்பியிருப்பர்!

காளியின் காலத்தில் சோதனைக்கூடமில்லை, நமக்கு உண்டு. ஓராண்டு இல்லறத்திற்குப் பின்னும் கருத்தரிக்காவிடில் இருவருமே சோதித்துக்கொள்ள வேண்டுமென மருத்துவம் சொல்கிறது. வாழ்நாளில் ஆறில் ஒருவர் இத்துன்பத்தைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. கருப்பையில் சாயமருந்து செலுத்திக் கருக்குழாயை எக்ஸ்ரே எடுப்பது பெண்கள் பலருக்கு வலி தருவது. விந்துப் பரிசோதனைக்கோ ஓர் ஊசிக்குத்துகூட இல்லை. ஆயினும் மனைவி அத்தனை சோதனைகளையும் முடித்த பின்னரே இதற்கிசையும் கணவர்களை இன்றும் காண்கிறோம். கோப்பும் கையுமாக மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் இன்றைய பொன்னாக்களை, இந்நாவலின் நிதானத்தோடு எழுதிய தமிழ்க் கதைகள் என் கண்ணில் அதிகம் படவில்லை.

கதையின் தொடர்ச்சியாக ஆசிரியர் இரு நாவல்களை எழுதினார். 'ஆலவாய'னில் காளி மாண்டுபோகிறான், 'அர்த்தநாரி'யில் பிழைத்திருக்கிறான். இரண்டினுள் பின்னதே படிப்பதற்குக் கடினம். அதில் பொன்னா கருவுற்றிருக்கிறாள். பன்னிரண்டாண்டுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவ்விடையைத் தாங்கவியலாத காளி, அவளோடு பேசாமலிருந்தே அவளைத் தண்டிக்கிறான்.