அயர்லாந்து நோட்டின் முன்முகமும் பின்முகமும்

பணத்தைச் செலவழிக்காமல் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவனைக் கஞ்சன் என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு அஞ்சாமல் நெடுங்காலமாக அயர்லாந்து நாட்டின் பழைய நோட்டுகளைச் சேர்த்து வருகிறேன். சமண இல்லறத்தானுக்குப் பொருள் வரைதல் என்றொரு விரதம் உண்டு. எனவே பன்னிரண்டு நோட்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று எனக்கு நானே வரம்பு கட்டியிருக்கிறேன். பதின்மூன்றாவது வந்தால் ஒன்று வெளியேற வேண்டும். எதை அனுப்புவது என்று உட்காரும்போதுதான் ஒரு நோட்டின் அழகு எதில் இருக்கிறது என்று யோசிக்க நேர்கிறது. அண்மையில் அப்படி ஒரு நெருக்கடி வந்தது. அதில் விளைந்தது இக்கட்டுரை.

அயர்லாந்து தன் சொந்த நோட்டுகளை முதன்முதலாக வெளியிட்டது 1928 செப்டம்பரில். பத்து ஷில்லிங் முதல் நூறு பவுண்டு வரை ஏழு மதிப்புகள். அச்சிட்டது லண்டன் வாட்டர்லோ நிறுவனம். அப்போது அந்நாடு முழுக் குடியரசு அன்று. ஐந்தாம் ஜார்ஜே அதற்கும் மன்னர். நம் நாட்டு ரூபாய் நோட்டிலும் அதே ஜார்ஜ்தான் அமர்ந்திருந்தார். ஆனால் அயர்லாந்துக்காரர்கள் மன்னர் தலையை வைக்கவில்லை. பதிலுக்கு முக்காடிட்ட ஒரு பெண்ணை வைத்தார்கள். ஐரிஷ் மொழியையும் பின்பக்கத்துக்குத் தள்ளாமல் முன்பக்கத்திலேயே அச்சிட்டார்கள். நம் தமிழோ அன்று எட்டு மொழிகளில் ஒன்றாக நோட்டின் முதுகில் இருந்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

சேகரிப்பவர்கள் எல்லாரும் உருகுவது அந்தப் பெண்ணைக் கண்டுதான். அவர் பெயர் ஹேசல் லாவரி. சிகாகோவில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் பிறந்த ஓவியர் ஜான் லாவரியின் மனைவி. லண்டனில் வாழ்ந்த சீமாட்டியை எளிய ஐரிஷ் பெண்ணாக உடுத்தி, அயர்லாந்துத் தாயாகிய கேத்லீன் நி ஹூலிஹானாகக் கணவரே தீட்டினார். சிறிய மதிப்புகளில் முகமும் தோளும் மட்டும். பத்து பவுண்டு முதல் மேலே போனால் யாழில் கை ஊன்றி, கையில் மோவாயைத் தாங்கியபடி முழு ஓவியமும் வரும். பின்னால் ஏரியும் மலையும்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது வேஷம் கட்டிய அழகு என்பது என் கட்சி. விடுதலை பெற்ற நாட்டின் தாய்க்கு ஓவியர் வீட்டு அம்மாளே போதும் என்று முடிவு செய்ததில் ஏதோ சோம்பல் தெரிகிறது.

நோட்டைத் திருப்புங்கள். அங்கே ஒரு கல்முகம் இருக்கும். டப்ளின் நகரில் ஜேம்ஸ் காண்டன் கட்டிய சுங்க மாளிகை 1791-இல் முடிந்தது. அதன் வாயில் வளைவுகளின் உச்சிக்கற்களில் எட்வர்ட் ஸ்மித் என்ற சிற்பி பதினான்கு தலைகள் செதுக்கினார். அட்லாண்டிக் கடல் ஒன்று, மீதி பதின்மூன்றும் ஆறுகள். ஆங்கிலேய ஆட்சிக்கு வரி வசூலித்த இம்மாளிகையை 1921 மே மாதம் விடுதலைப் படையினர் கொளுத்தினார்கள். ஏழே ஆண்டில் அதே மாளிகையின் ஆற்றுத் தலைகள் விடுதலை நாட்டின் நோட்டில் ஏறிவிட்டன! ஒரு பவுண்டில் லீ, ஐந்தில் லகன், பத்தில் பேன். இந்த லகன் பெல்ஃபாஸ்ட் வழியே ஓடுவது. பேன் அதற்கும் வடக்கே கடலில் கலப்பது. இரண்டும் பிரிவினையில் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்ட வட பகுதி ஆறுகள். நாடு பிரிந்தது, நோட்டில் ஆறுகள் பிரியவில்லை. முன்பக்கத்தில் ஓவியம் சொல்ல முயன்றதைப் பின்பக்கத்தில் கல் சத்தமில்லாமல் சொல்லிவிட்டது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்.

பதின்மூன்று ஆறுகளில் பெண் முகம் கொண்டது லிஃபி ஒன்றுதான். டப்ளினின் சொந்த ஆறு. காவிரியைப் பெண்ணாகவே பாடிய நமக்கு மற்ற பன்னிரண்டும் தாடிக்காரர்களாக இருப்பது வேடிக்கையாக இருக்கும். லிஃபிக்கு 1928 வரிசையில் இடம் கிடைக்கவில்லை. ராபர்ட் பாலா வடிவமைத்து 1993-இல் வந்த ஜேம்ஸ் ஜாய்ஸ் பத்து பவுண்டின் பின்பக்கத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

அந்த ஜாய்ஸ் நோட்டுதான் என் பதின்மூன்றாவது. இதைக் கொடு, உழவன் நோட்டைக் கொடுக்காதே என்று நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். 1929 முதல் எட்டு வங்கிகள் பொதுவாக வெளியிட்ட நோட்டு அது. இரண்டு குதிரை பூட்டி ஏர் ஓட்டுகிறவன் படம். சந்தையில் ஜாய்ஸைப்போல் பல மடங்கு விலை. உழவனை விட்டுக்கொடுக்கத் தமிழனுக்கு மனசு வருமா? எங்கள் ஜனங்களே வந்தவாசிப் பக்கம் ஏர் பிடித்தவர்கள்தாம். ஆனால் எட்டு வங்கிக்கும் அதே உழவன், அதே குதிரைகள். மாறுவது வங்கியின் பெயர் மட்டும். அவன் நிலத்துக்காக நடக்கவில்லை, வங்கிக்காக நடக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

லாவரி அம்மாளையும் கொடுக்க முடியவில்லை. என் பத்து பவுண்டு உலகப் போர்க் காலத்தது. லண்டனிலிருந்து கடல்வழி வரும்போது கப்பல் மூழ்கியோ களவு போயோ நோட்டுகள் தொலைந்தால் அந்தக் கட்டை மட்டும் செல்லாததாக்க, வட்டத்துக்குள் வண்ணத்தில் ஓர் எழுத்துக் குறி இட்டார்கள். அந்தக் குறியும் அதில் இருக்கிறது, பின்னால் பேன் ஆறும் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970-களில் படம் மாறிய பிறகும் அம்மாள் போகவில்லை. நீர்க்குறியாகத் தாளுக்குள் இறங்கிவிட்டார். ஜாய்ஸ் நோட்டை விளக்கொளியில் பிடித்தால் அதே முகம் தெரிகிறது. வேஷம் என்று நான் குறைசொன்ன முகம், பகட்டெல்லாம் கழன்று வெறும் நிழலாக நிற்கும்போது கொஞ்சம் மரியாதை தோன்றத்தான் செய்கிறது.

உழவனை விற்றுவிட்டேன்.