நான்காம் இடத்துப் பாட்டு

பேரனைக் காட்டிப் பாட்டனுக்கு அடையாளம் சொல்வதுபோல எழுதப்படும் குழுக்கள் பாப் இசை வரலாற்றில் நிறைய உண்டு. மான்செஸ்டரின் ஃபிரான்டிக் எலிவேட்டர்ஸ் என்றால் மிக் ஹக்னால் முதலில் பாடிய குழு. ஐஸ்லாந்தின் டாப்பி டிகாராஸ் என்றால் பியோர்க் பதின்ம வயதில் இருந்த குழு. எலிவேட்டர்ஸுக்காவது ஓர் ஆறுதல் உண்டு. 1982இல் அவர்கள் வெளியிட்டு எடுபடாமல் போன 'ஹோல்டிங் பேக் தி இயர்ஸ்' பாட்டை ஹக்னால் தன் சிம்ப்ளி ரெட் குழுவோடு மறுபடி பாடினார். 1986இல் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. குழு போனாலும் பாட்டு பிழைத்தது.

லண்டனின் டூரிஸ்ட்ஸ் குழுவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1977இல் தொடங்கி 1980இல் கலைந்த ஐவர் குழு அது. ஆனி லெனாக்ஸும் டேவ் ஸ்டூவர்ட்டும் யூரித்மிக்ஸ் ஆவதற்கு முன்பு இருந்த இடம் என்றுதான் இன்றைக்கு அதைப் பற்றி எழுதுகிறார்கள். ஆனால் டூரிஸ்ட்ஸின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் இந்த இருவரும் அல்ல. ஸ்டூவர்ட்டைப் போலவே சண்டர்லாந்திலிருந்து வந்த பீட் கூம்ஸ். லெனாக்ஸோடு சேர்ந்து பாடியவரும் அவர்தான்.

குழுவின் பெரிய வெற்றியோ கூம்ஸ் எழுதியதல்ல. 1963இல் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு தனிப் பாடகியாக அறிமுகமான 'ஐ ஒன்லி வான்ட் டு பி வித் யூ'வை 1979இல் இவர்கள் மறுபடி பாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் தரவரிசையில் டஸ்டி தொட்ட உச்சம் நான்காம் இடம். 1976இல் இதையே பாடிய பே சிட்டி ரோலர்ஸுக்கும் நான்கு. டூரிஸ்ட்ஸுக்கும் அதே நான்கு. பாட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த நாற்காலி போலும்! அடுத்து வந்த 'சோ குட் டு பி பேக் ஹோம் அகைன்' எட்டாம் இடம் வரை போனது. ஆனாலும் கேட்பவர் மனதில் டூரிஸ்ட்ஸ் இரவல் பாட்டுக் குழுவாகவே தங்கிவிட்டது. சொந்தமாக எழுதும் ஒருவர் குழுவுக்குள் இருக்கையில் இதைவிடச் சங்கடமான வெற்றி வேறென்ன?

குழு உடைந்த காலத்தில்தான் லெனாக்ஸ், ஸ்டூவர்ட் காதலும் முறிந்தது. இசையில் மட்டும் இருவரும் பிரியவில்லை. டூரிஸ்ட்ஸின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஜெர்மானியர் கோனி பிளாங்க்கிடமே போய் 1981இல் யூரித்மிக்ஸின் முதல் ஆல்பத்தைச் செய்தார்கள். அது சரியாக விற்கவில்லை. பிறகு சின்தசைசரும் எட்டு டிராக் ஒலிப்பதிவுக் கருவியுமாக, பெரிய ஸ்டூடியோவை நம்பாமல் பதிவுசெய்த 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' 1983இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாட்டெழுத இப்போது மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை.

கூம்ஸும் பாஸ் கித்தார் வாசித்த எடி சின்னும் ஆசிட் ட்ராப்ஸ் என்று ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 1997இல் கூம்ஸ் இறந்துபோனார். ஆசிட் ட்ராப்ஸிலிருந்து பிற்பாடு யாரும் புகழ்பெறவில்லை. அடையாளம் சொல்ல அதற்குப் பேரனும் இல்லை.