பிரதி செய்தல் பற்றி

'நகல்' என்பது நம்மிடையே ஒரு வசைச் சொல். ஒரு கவிஞனைத் தீர்த்துக்கட்ட, அவன் இன்னாருடைய நகல் என்று சொன்னால் போதும். மேற்கொண்டு விமர்சனம் தேவைப்படுவதில்லை. ஐரோப்பிய ஓவியர்களுக்கோ நூற்றாண்டுகளாக நகலெடுப்பதே படிப்பாக இருந்து வந்திருக்கிறது. 1793ல் லூவ்ர் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, சில நாட்கள் ஓவியர்கள் பிரதி செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டன. இன்றும் அனுமதி பெற்றவர்கள் அங்கே நின்று வரையலாம். பிரதி, மூலத்தின் அளவில் மட்டும் இருக்கக்கூடாது.

இதில் என்னதான் கற்றுக்கொள்ளப்படுகிறது? சாயல் என்பது மேலோட்டமான பதில். ஒரு பழைய தைலவர்ண முகத்தில் நாம் காணும் நிறம் ஒரே பூச்சில் வந்ததல்ல. முதலில் பழுப்போ சாம்பலோ பூசிய தளம். அதன்மேல் ஒளியையும் நிழலையும் மட்டும் தீர்மானிக்கும் அடிப்பூச்சு. அது காய்ந்தபின், ஒளி ஊடுருவும் மெல்லிய வர்ணப் படலங்கள். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடியது மேலே. மாறிப்போனால் மேற்பரப்பு நாளடைவில் வெடிக்கும். கன்னத்தைப் பார்த்து, அதே நிறத்தைக் குழைத்து அப்புகிறவனுக்குக் கிடைப்பது களிமண் பூசிய முகம்தான். அவன் நகலெடுத்தது முடிவை. கற்க வேண்டியிருந்தது வரிசையை. கடைசியில் தெரிவதிலிருந்து முதலில் செய்ததற்குத் திரும்பிப் போக வேண்டும். விமர்சனம் செய்ய வேண்டியதும் இதைத்தான்.

வங்கியில் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. போலிக் கையெழுத்து பல சமயம் வடிவத்தில் பிசகுவதில்லை, வேகத்தில் பிசகுகிறது. அது எழுதப்பட்டதல்ல, வரையப்பட்டது. வடிவத்தை மட்டும் நகலெடுக்கும் ஓவியனின் கோட்டிலும் இந்தத் தயக்கம் உண்டு.

மூலம் என்று நாம் நம்புவதும் மூலமாக இருக்க வேண்டியதில்லை. ரெம்ப்ராண்ட் 1642ல் முடித்த, நகரக் காவற்படையினரின் குழு உருவப்படத்துக்கு 'இரவுக் காவல்' என்ற பெயர் பின்னால்தான் வந்தது. வார்னிஷ் கறுத்ததில் பகல் இரவாகிவிட்டது. 1940களில் சுத்தம் செய்தபோது வெளிச்சம் திரும்பியது. இப்படிக் கறுத்த படங்களின் முன் அமர்ந்து, அந்தப் பழுப்பையே பெரியவர்களின் ஆழம் என்று பயபக்தியோடு பிரதி செய்தவர்கள் பலர். மரபு மரபு என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் வார்னிஷை வணங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ராஃபேல் 1514-15 வாக்கில் வரைந்த பால்தஸாரே காஸ்திலியோனேயின் உருவப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். சாம்பல், கறுப்பு, வெள்ளை. இவற்றுக்கு நடுவே நீலக் கண்கள். ரூபென்ஸ் இதைத் தைலவர்ணத்தில் முழுமையாகப் பிரதி செய்தார். புகழின் உச்சியில், ஐம்பதைத் தாண்டிய வயதில், 1628-29ல் மாட்ரிட்டில் டிஷியனின் படங்களை நகலெடுக்க உட்கார்ந்தவர் அவர். ரெம்ப்ராண்டின் வழி வேறு. 1639ல் ஆம்ஸ்டர்டாமில் ராஃபேலின் இந்தப் படம் ஏலத்துக்கு வந்தபோது, பேனாவால் அவசரமாக ஒரு கோட்டுப்படம் போட்டுக்கொண்டு, பக்கத்தில் 3500 கில்டர் என்று விலையையும் குறித்தார். தொப்பியைச் சாய்த்துவிட்டார். மறு ஆண்டு, அதே அமர்வில், டிஷியனின் ஓர் உருவப்படத்தையும் சேர்த்துக்கொண்டு, தன்னையே வரைந்தார். அது லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. அச்சுப் பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கடன் அப்பட்டமாகத் தெரிகிறது. முகமோ யாருக்கும் கடன்படாத முகம்.

இந்த இரண்டு காரியங்களையும் நகல் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட முடியாது. யாரையும் படிக்காமல் சுயமாக எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் இளைஞர்களிடம் நான் காண்பது சுயத்தை அல்ல, போன மாதத்துப் பத்திரிகைகளின் நகலைத்தான். அவர்கள் ஒரு நல்ல கவிதையை எடுத்து, வரி எங்கே முறிகிறது, ஏன் முறிகிறது என்று பார்த்துப் பார்த்து, ஒருமுறை கைப்படப் பிரதி செய்யட்டும். வெளியிடத்தான் வேண்டாம்.